பழைய படங்களை எண்ணிப் பார்த்துவிட்டு வாங்கிய கேமரா

நறநறவென்று ஒரு சத்தம், சோற்றில் கல் கடிபட்ட மாதிரி. தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேமுக்கால் இருக்கும். தனுஷ்கோடி போகும் வழியில், கோதண்டராமர் கோவில் பக்கம் நின்று கேமராவின் ஜூமைத் திருப்பியபோது கேட்டது. எதிரே முழங்கால் ஆழத் தண்ணீரில் நாற்பது ஐம்பது பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. ஜூம் பாதியில் சிக்கி நின்றது. ஷட்டரை அழுத்தினால் திரையில் ஏதோ ஒரு பிழை எண். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், மறுபடி அதே எண். பூநாரைகள் எந்த அவசரமும் இல்லாமல் இன்னும் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தன. செத்த கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு நானும் இருந்தேன்.

ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில் சின்னதாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். படம் எடுப்பது எனக்குப் பிழைப்பு இல்லை, எட்டு வருஷப் பழக்கம். ஞாயிறு மதியம் வரை தம்பி கடையைப் பார்த்துக்கொள்வான். அந்த அரை நாளும், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களும்தான் என் படமெடுக்கும் நேரம்.

கேமராவை மதுரைக்குக் கொண்டுபோனேன். பழுது பார்ப்பவர் நாலு திருகுகளைக் கழற்றிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கடல்ல போட்டுட்டீங்களாண்ணே?"

"இல்லையே. ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்ல."

விளக்கைத் திருப்பிக் காட்டினார். பேட்டரி முனைகளில் பச்சைப் பூச்சு. திருகுகளின் தலை எல்லாம் துருவேறிப் பழுப்பாக இருந்தது. லென்ஸுக்குள் டார்ச் அடித்தார், சிலந்தி வலை மாதிரி பூஞ்சை ஒரு ஓரத்தில் இருந்து நடுப்பக்கம் வந்துகொண்டிருந்தது. "அப்ப பீரோவுல வச்சே கொன்னுருக்கீங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் அடுத்த கேமராவை வாங்கும் விதத்தையே மாற்றியது. கரையில் நிற்கும்போது காற்றில் வரும் உப்பு கேமரா மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிகிறது. நான் வீட்டுக்கு வந்து அப்படியே பையில் போட்டு பீரோவில் பூட்டிவிடுவேன். சாப்பாட்டு உப்பே காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே பிசுபிசுக்கும். எங்கள் ஊரில் ராத்திரி ஈரப்பதம் எப்படி இருக்கும் என்று சட்டைக் காலரைக் கேட்டால் சொல்லும். ராத்திரி கசிந்து, பகலில் காய்ந்து, மறுபடி ராத்திரி கசிந்து, பித்தளையையும் செம்பையும் அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கரையில் நான் கேமராவோடு இருந்தது வாரத்துக்கு மூன்று மணி நேரம். மீதி நேரம் முழுக்க அது பீரோவில்தான் கிடந்தது.

சரி, புதுசு வாங்க வேண்டும். சீட்டு எடுத்த பணம் ஒன்றரை லட்சம் கையில் இருந்தது. விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ராமநாதபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர், ஃபுல் பிரேம், அதாவது படம் விழும் சில்லான சென்சார் பெரிதாக இருக்கும் கேமரா, அது தவிர வேறெதையும் தொடாதே என்றார். அக்கா மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். அவன் போனில் ஒரு பட்டியலே அனுப்பிவிட்டான்.

"மாமா, 4கே 120 இல்லாம வாங்காதீங்க. பின்னாடி வருத்தப்படுவீங்க."

"அது எதுக்குடா மாப்ள?"

"வினாடிக்கு 120 ஃபிரேம் வீடியோ மாமா, ஸ்லோமோஷனுக்கு."

நான் என்றைக்கு ஸ்லோமோஷன் எடுத்தேன்? அந்தக் கேள்வியில்தான் எனக்கு ஒரு வேலை தோன்றியது. கம்ப்யூட்டரில் எட்டு வருஷப் படங்கள் கிடக்கின்றன. நான் என்ன எடுக்கிறவன் என்று அவற்றைத்தானே கேட்க வேண்டும்?

விண்டோஸில் படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, விவரப் பட்டியலாக மாற்றி, அதில் லென்ஸின் குவியத் தூரம் (மி.மீ. கணக்கு, எண் ஏற ஏறத் தூரத்தைக் கிட்டே இழுக்கும்), ஐஎஸ்ஓ (வெளிச்சம் குறைந்தால் கேமரா ஏற்றிக்கொள்ளும் எண், ஏற ஏறப் படத்தில் புள்ளி விழும்) என்று பத்திகளைச் சேர்த்துக்கொள்ளலாம். பத்தியின் தலையை ஒரு முறை சொடுக்கினால் வரிசையாக அடுக்கிக் கொடுக்கும். டிஜிகேம் என்ற இலவச மென்பொருளிலும் இதைச் செய்யலாம். கடை சாத்திய பிறகு நான்கு ராத்திரி உட்கார்ந்தேன். பதினோராயிரத்துச் சொச்சம் படங்கள்.

என்னிடம் இருந்த லென்ஸ்கள் 18-55 மி.மீ. ஒன்று, 55-250 மி.மீ. ஒன்று. ஏறக்குறையப் பாதிப் படங்கள் சரியாக 250-இல் எடுத்தவை. அதாவது லென்ஸ் முட்டி நிற்கிற இடம் வரை திருப்பிவிட்டு, இன்னும் கொஞ்சம் போகாதா என்று ஏங்கி எடுத்த பறவைப் படங்கள். மீதியில் பெரும்பகுதி 18-க்கும் 35-க்கும் நடுவில்: கரைவலை இழுப்பவர்கள், படகு, வீட்டு ஆட்கள். 60-இல் இருந்து 200 வரை கைவிரல் விட்டு எண்ணிவிடலாம் போல. வீடியோ மொத்தம் முப்பத்தொன்று, அதில் பாதி பட்டனைத் தெரியாமல் அமுக்கியதால் பதிவான என் செருப்பு.

அப்புறம் இன்னொரு கணக்கும் போட்டேன். யாராவது கேட்டு வாங்கிய படம், சட்டம் போட்டு மாட்டிய படம் எத்தனை? அறுபத்து நான்கு. அதில் பறவை நான்கே நான்கு. மற்ற எல்லாம் மனிதர்கள். எனக்கு இது உறைத்தது. பூநாரைக்காக நான் விடியற்காலை எழுந்து ஓடுகிறேன், ஊர் என்னிடம் கேட்பது முகங்களை.

அந்த அறுபத்து நான்கில் ஒன்று எங்கள் அப்பத்தா படம். மூன்று வருஷத்துக்கு முன் அவர் தவறியபோது வீட்டில் சுவரில் மாட்டுகிற மாதிரி ஒரு படம்கூட இல்லை. ஒரு கல்யாண வீட்டில், சாயங்கால வெளிச்சத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்தவரை நான் எடுத்திருந்தேன். அதில் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினோம். கன்னம் எல்லாம் புள்ளிப் புள்ளியாக, கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு தீற்றல். இன்னும் அதுதான் மாலையோடு தொங்குகிறது. ஐஎஸ்ஓ பத்தியை அடுக்கியபோது 3200-க்கு மேலே இருந்த படங்கள் எல்லாமே இதே கதைதான். அறைக்குள், மண்டபத்துக்குள் எடுத்த எதுவும் தேறவில்லை.

ஆக என் தேவை காகிதத்தில் இறங்கியது. தூரத்துப் பறவைக்கு எட்டும் ஒரு லென்ஸ். கரைக்கும் படகுக்கும் அகலமாகப் பார்க்கும் ஒன்று. மண்டபத்துக்குள்ளும் மகளின் பள்ளி ஆண்டு விழாவிலும் வெளிச்சத்தை அள்ளுகிற ஒன்று. வீடியோ வேண்டாம். அக்கா தன் கருவாட்டு வியாபாரத்துக்காக அடிக்கடி சின்ன வீடியோ கேட்பார், அதற்குப் போன் போதும். போனில் நிமிர்த்திப் பிடித்து எடுத்து அடுத்த நிமிஷம் அனுப்புகிற சௌகரியம் எந்தக் கேமராவிலும் இல்லை. பாம்பன் பாலத்தில் ரயில் போவதை ரோட்டுப் பாலத்தில் இருந்து எடுப்பதற்கும் அப்படித்தான். 2025 ஏப்ரலில் புதுத் தூக்குப் பாலம் திறந்ததில் இருந்து அதற்கென்றே வண்டியை நிறுத்துகிறார்கள். நல்ல வெயிலில், பெரிய பொருளை, அகலமாக எடுக்கப் போனை மிஞ்ச எதுவும் தேவையில்லை.

வாங்குவதற்கு முன் மதுரையில் இரண்டு கேமராக்களை நாள் வாடகைக்கு எடுத்தேன். ஆதார் நகலும் முன்பணமும் கொடுத்தால் தருகிறார்கள். வாடகைக் காசு வீண் என்று வீட்டில் திட்டு. ஆனால் அந்த மூன்று நாளில் கற்றது மாதக்கணக்கில் காணொளி பார்த்தாலும் வந்திருக்காது.

முதல் நாள் நீள லென்ஸை எடுத்துக்கொண்டு தனுஷ்கோடி பக்கம் போய்ச் சேரவே பதினொரு மணி. முந்நூறு மீட்டருக்கு அப்பால் பூநாரைகள். சுமார் இருநூறு படம் எடுத்தேன். வீட்டில் திறந்தால் ஒன்றுகூடக் கூர்மையாக இல்லை. கழுத்து நெளிந்திருக்கிறது, கால் தண்ணீரோடு கரைந்திருக்கிறது. வாடகைக் கடைக்காரர் சொத்தை லென்ஸைத் தலையில் கட்டிவிட்டார் என்று போன் போட்டுச் சண்டைக்கே போய்விட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாளைக்கு வெயில் ஏறுறதுக்குள்ள போய் எடுத்துட்டுத் திட்டுங்க" என்றார். மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு அதே இடம், அதே லென்ஸ். அலகின் கறுப்பு நுனியில் தொங்கும் தண்ணீர்ச் சொட்டு தெரிந்தது.

கானல்தான் காரணம். சூடான மணலுக்கும் உப்புத் தரைக்கும் மேலே காற்று அடுக்கடுக்காக வெவ்வேறு சூட்டில் அலைகிறது, அதன் வழியே வரும் ஒளி ஒவ்வொரு நொடியும் வளைகிறது. லென்ஸ் எவ்வளவு நீளமோ அவ்வளவு கானலையும் சேர்த்துப் பெரிதாக்கும். இதை அறியாமல்தான் ஒரு கட்டத்தில் நிக்கான் பி1000 மேல் ஆசைப்பட்டேன். 2018-இல் வந்தது, ஃபுல் பிரேம் கணக்கில் 24-இல் இருந்து 3000 மி.மீ. வரை ஒரே லென்ஸ். கேட்கவே மயக்கும். நிலாவுக்கு அருமையான சாமான். ஆனால் எங்கள் கரையில் நண்பகலில் 3000 மி.மீ.யை வைத்துக்கொண்டு காற்றைத்தான் படம் எடுக்கலாம். அதன் சென்சார் சுமார் 6.2-க்கு 4.6 மி.மீ., நம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. விடியற்காலை மங்கலில் அது தாங்காது. பறவைக்கு அதிகாலையில் போவதும், இன்னும் பத்தடி கிட்டே போவதும், எந்த லென்ஸைவிடவும் மலிவு. கிட்டே போகிறேன் என்று பறவையைக் கிளப்பிவிடக் கூடாது, அது வேறு. 2025 ஜூனில் அந்தப் பகுதி பூநாரைச் சரணாலயமாகவே அறிவிக்கப்பட்டிருக்கிறது. ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து, பறவை நம் பக்கம் மேய்ந்து வரும் வரை காத்திருப்பதுதான் நான் கண்ட வழி.

அதே காலையில் ஆலா என்னும் கடற்பறவைகள் மீனுக்குப் பாய்ந்துகொண்டிருந்தன. சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் எடுத்துத் தள்ளினேன். வினாடிக்கு இருபதுக்கு மேல். பார்த்தால் பல படங்களில் இறக்கை ரப்பர் மாதிரி வளைந்திருந்தது. அந்த ஷட்டரில் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவிலேயே இறக்கை இடம் மாறிவிடுகிறது. சாதாரண இயந்திர ஷட்டருக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் வேகம் எந்த ஷட்டருக்கானது என்று பார்க்க வேண்டும் என்பது அன்றைக்குப் புரிந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் மகளின் பள்ளி ஆண்டு விழா. ஸ்டூடியோ நண்பர் சொன்ன ஃபுல் பிரேமும், சின்ன சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவும் இரண்டுமே கையில் இருந்தன. இரண்டிலும் ஜூம் லென்ஸ் போட்டால், ஆமாம், ஃபுல் பிரேம் தெளிவு. அதன் பரப்பு 36-க்கு 24 மி.மீ. கேனனின் ஏபிஎஸ்-சி 22.3-க்கு 14.9. பரப்பில் இரண்டரை மடங்குக்கு மேல் பெரிசு. ஆனால் சின்னதில் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைப் போட்டதும் கணக்கு புரண்டுவிட்டது. எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலமாகத் திறக்கும். எஃப் 5.6-இல் இருந்து 1.8-க்கு வந்தால் உள்ளே வரும் வெளிச்சம் கிட்டத்தட்டப் பத்து மடங்கு. இரண்டரை மடங்குக்காக லட்சக்கணக்கில் கொடுப்பதா, பத்து மடங்குக்காகச் சில ஆயிரம் கொடுப்பதா? கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவருக்கு இரண்டும் வேண்டும், நண்பர் சொன்னது அவர் தொழிலுக்குச் சரி. எனக்குப் பறவையும் உண்டே. ஃபுல் பிரேமில் அதே அளவு தூரம் எட்ட வேண்டுமென்றால் 600 மி.மீ.க்கு மேல் லென்ஸ் வேண்டும். அதன் விலையும் எடையும் கேட்டதும் அந்தப் பேச்சு முடிந்தது.

விழாவில் இன்னொரு பாடம். மகள் ஆடும்போது சத்தம் வேண்டாமே என்று மின்னணு ஷட்டரிலேயே விட்டிருந்தேன். படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாக விழுந்தது, திருநீறு பூசிய மாதிரி, நிறம்தான் வேறு. மேடையில் எல்இடி விளக்கு, அது கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிட்டு எரிகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் சாதாரண விளக்குகள் வினாடிக்கு நூறு முறை துடிக்கும். இயந்திர ஷட்டரில் நூறில் ஒரு வினாடி வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். எல்லா மேடை விளக்கும் இந்தக் கணக்கில் அடங்காது. ஆட ஆரம்பிக்கும் முன்பே நாலு படம் எடுத்துப் பார்த்துவிடுவது உத்தமம்.

இதற்கெல்லாம் பிறகுதான் பெயர்களுக்கு வந்தேன். நான்கு கேமராக்கள் பட்டியலில் நின்றன. கேனன் ஆர்7, ஆர்10 இரண்டும் 2022-இல் வந்தவை, சோனி ஏ6700 2023, நிக்கான் இசட்50 இரண்டாம் பதிப்பு 2024. நான்குமே பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் புதுக் கேமராவின் புகழ் பொய்யில்லை. பறக்கும் பறவையில் என் பழையது பத்துக்கு மூன்று பிடிக்கும், வாடகைக்கு எடுத்தது ஏழெட்டு பிடித்தது. ஆர்7-இலும் ஏ6700-இலும் கை ஆட்டத்தைச் சென்சாரே சமாளிக்கிறது. ஆர்7-இல் இரண்டு கார்டு போடலாம், ஒன்று கெட்டாலும் மற்றதில் படம் இருக்கும். காசு வாங்கி நிக்காவோ கல்யாணமோ எடுப்பவராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்வேன். தாலி கட்டுவதை இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது. எனக்கு அந்தப் பொறுப்பு இல்லை. ஆர்10-இல் அவை இரண்டும் கிடையாது, எடை பேட்டரியோடு 429 கிராம். விலை வித்தியாசத்தை லென்ஸில் போடலாம்.

போட்டேன். ஆர்10 உடன் 18-150 லென்ஸ், அது கரைக்கும் வீட்டுக்கும். 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்று, முகங்களுக்கு. 100-400 ஒன்று, பறவைக்கு. இந்தச் சென்சாரில் 400 என்பது 640 மி.மீ. போலப் பார்க்கும், லென்ஸ் எடை 635 கிராம்தான், ஒரு காலை முழுக்கக் கையிலேயே வைத்திருக்கலாம். குறை என்னவென்றால் 400-இல் அது எஃப் 8. சூரியன் எழும்புவதற்கு முன் ஐஎஸ்ஓ எகிறிவிடும். தெரிந்தேதான் வாங்கினேன். உட்கார்ந்து மேயும் பறவைக்கு ஐந்நூறில் ஒரு வினாடி போதும். பறப்பதற்கு இரண்டாயிரத்தில் ஒன்று வேண்டும், அதற்குள் வெளிச்சம் வந்துவிடும். 50-க்கும் ஒரு குறை உண்டு. எங்கள் வீட்டு அறைக்குள் எடுத்தால் முதுகு சுவரில் இடிக்கும், பாதி ஆள்தான் வருவார். ஆட்டம் தாங்கும் வசதியும் அதில் இல்லை, அதனால் நூற்றிருபத்தைந்தில் ஒன்றுக்குக் கீழே நான் போவதில்லை.

கண்ணை வைத்துப் பார்க்கும் வியூபைண்டர் இல்லாத மாடல்களும் மலிவாகக் கிடைக்கின்றன. தனுஷ்கோடிக் கோடியில் இருக்கும் அரிச்சல்முனையில் பகல் பன்னிரண்டு மணிக்கு நின்று போன் திரையைப் பார்க்க முயன்றிருந்தால் ஏன் வேண்டாம் என்பது புரியும். திரை வெறும் கண்ணாடி, அதில் உங்கள் முகம்தான் தெரியும்.

100-400 மட்டும் பழையது, கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் வாங்கினோம், அங்கே படிக்கும் அக்கா மகன்தான் போய்ப் பார்த்து வாங்கி வந்தான். கடலோர ஆளிடம் பழைய லென்ஸ் வாங்காதே என்பது என் கட்சி, நானே கடலோர ஆள் என்பதால் சொல்கிறேன். ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார்க்கச் சொன்னேன். வலை மாதிரியோ பனி மூடிய மாதிரியோ தெரிந்தால் திரும்பி வந்துவிடு, ஒன்றிரண்டு தூசி இருந்தால் பரவாயில்லை. ஜூமைக் காதருகே வைத்துத் திருப்பிப் பார் என்றும் சொல்லியிருந்தேன். அந்த நறநற சத்தம் எனக்கு மறக்காது.

கேமராவைப் புதிதாக, பில்லோடு. ஒரு கடையில் பன்னிரண்டாயிரம் குறைத்துத் தருகிறேன் என்றார்கள், பில் கிடையாது, வெளிநாட்டுச் சரக்கு, "வாரண்டி நாங்க பாத்துக்குவோம்" என்றார்கள். மருந்துக்கடைக்காரனிடம் பில் இல்லாத சரக்கைப் பற்றிப் பேசலாமா? அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்ணும் கேமராவின் அடியில் இருக்கும் எண்ணும் ஒன்றா, இந்தியாவுக்கான வாரண்டி உண்டா என்று பார்த்து வேறு கடையில் வாங்கினேன்.

இனி உப்பு. தூசியும் தூறலும் புகாதபடி அடைத்த கேமராக்கள் உண்டு, நான் வாங்கியது அந்த ரகம் இல்லை. கேட்பவர்கள் எல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள்: கடற்கரையில் இருந்துகொண்டு ஏன் இப்படி? அந்த அடைப்பு லென்ஸிலும் இருந்தால்தான் முழுப் பலன், அந்த லென்ஸ்களை என் பணம் எட்டவில்லை. அப்படியே வாங்கினாலும் வெளியே படியும் உப்பை யார் துடைப்பது? என் பழையது கரையில் சாகவில்லையே.

இப்போது வீட்டுக்கு வந்ததும், முகம் கழுவுவதற்கு முன்பே, ஒரு பருத்தித் துணியை நல்ல தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்து கேமராவையும் லென்ஸையும் வெளியே துடைக்கிறேன். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பும் மணலும் சேர்ந்து தேய்க்கும், போகாது. முன் கண்ணாடியில் முதலில் காற்றை ஊதி மணலைத் தள்ள வேண்டும், பிறகுதான் துணி. லென்ஸ் முன்னால் சாதாரணக் காப்புக் கண்ணாடி ஒன்று திருகியிருக்கிறேன். படத்துக்கு அது எந்த நன்மையும் செய்யாது, என் லென்ஸுக்குப் பதில் அது கீறல் படும். அப்புறம் மின்விசிறிக் காற்றில் அரை மணி நேரம் திறந்து வைத்துவிட்டுத்தான் டப்பாவுக்குள்.

டப்பா என்றால் சமையலறைக்கு விற்கும், ரப்பர் ஓரம் வைத்துப் பூட்டுகிற பெரிய பிளாஸ்டிக் டப்பாதான். உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. 40-இல் இருந்து 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்கிறேன். ஆரம்பத்தில் ஒரு கஞ்சத்தனம் செய்தேன். மாத்திரை டப்பாக்களில் வரும் குட்டிப் பொட்டலங்களைக் கடையில் சேர்த்து வைத்து உள்ளே போட்டேன், ஒரு கிண்ணம் நிறைய. முள் 70-ஐ விட்டு இறங்கவே இல்லை. திறந்து பல நாள் கிடந்த பொட்டலங்கள் ஏற்கெனவே ஈரத்தைக் குடித்து முடித்திருந்தன. பிறகு நிறம் மாறும் ஆரஞ்சு ரகத்தைக் கால் கிலோ வாங்கினேன். ஈரம் ஏறினால் நிறம் மாறிவிடும், இரும்புச் சட்டியில் சிறு தீயில் புரட்டினால் பழைய நிறத்துக்கு வரும். நீல நிற ரகத்தில் கோபால்ட் இருக்கும், அதைச் சமையல் பாத்திரத்தில் போடாதீர்கள். சட்டியையும் இதற்கென்று தனியாக வைத்துவிட்டேன், இல்லாவிட்டால் வீட்டில் எனக்குத்தான் சோறு கிடைக்காது. பூஞ்சை பிடித்த பழைய லென்ஸை இந்த டப்பா பக்கமே விடுவதில்லை.

கரையில் லென்ஸ் மாற்றுவதில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தனுஷ்கோடி மணல் முகத்தில் ஊசி மாதிரி குத்தும், அப்போது கேமராவைத் திறப்பது வாயைத் திறந்து மண்ணை அள்ளிப் போடுவது மாதிரி. பறவைக்குப் போனால் 100-400 வீட்டிலேயே மாட்டியாகிவிடும். முகுந்தராயர் சத்திரம் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்க்கப் போனால் 18-150. வலை இழுப்பவர்கள் நடுவே நிற்கும்போது சாரல் அடிக்கும், அதற்கு ஒரு ஷவர் கேப்பும் இரண்டு ரப்பர் பேண்டும். பத்து ரூபாய்ச் சாமான். ஒரு தடவை வலையின் மடி, அதாவது மீன் சேரும் பை, கரையேறும் நேரத்தில் மேலே பூநாரைக் கூட்டம் வரிசையாகப் போனது. 150-இல் எடுத்தேன், எறும்பு மாதிரி இருந்தன. போகட்டும், கீழே மடிக்குள் துள்ளிய மீனும் அதை அள்ளிய கைகளும் கிடைத்தன. ஸ்டூடியோ நண்பர் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கித் தன் கடையில் மாட்டியிருக்கிறார்.

கேமரா வந்த வாரம் அம்மா திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். டப்பாவைத் திறந்ததைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணு எடுத்து வைடா" என்றார்.

"எதுக்கும்மா?"

"எதுக்கா? அப்பத்தாளுக்கு மாதிரி புள்ளி புள்ளியா மாட்டிராத."

என்ன சொல்வதென்று தெரியவில்லை. சேலை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் 50-ஐ மாட்டி, அவரை வாசல் வெளிச்சம் பக்கமாகத் திருப்பி உட்காரவைத்து, எஃப் 2-இல் நாலைந்து எடுத்தேன். கேமரா கண்ணைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. நெற்றித் திருநீற்றின் பொடிகூடத் தெரிந்தது. பெரிதாக்கிக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுத் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"சங்கிலி சேலைக்குள்ள போயிருச்சு பாரு. இன்னொண்ணு எடு."